அத்தர் கழுவிய வாடை

அவருக்கு ‘அத்தர்’ என்று முதலில் பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அந்த வாயில் சர்க்கரை போடலாம். இவ்வளவு பொருந்தாத பெயரை இவ்வளவு பொருத்தமாக வைக்கத் தனி மூளை வேண்டும். அவர் மாடிப்படியில் கால் வைத்ததுமே மேல்தளத்து ஜன்னல்கள் திறந்துகொள்ளும். அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்களுக்குத் திடீரென்று படியேறுவதன் நன்மைகள் ஞாபகத்துக்கு வரும். கேன்டீனில் அவர் தட்டோடு திரும்பினால் ஒரு மேசை தானாகவே காலியாகும். அத்தர் அந்த மேசையில் தனி ராஜாவாக உட்கார்ந்து சாப்பிடுவார். அவருக்கும் விஷயம் தெரியும்தான். ஆனால் தெரிவது வேறு, மூக்கில் ஏறுவது வேறு. அவர் மூக்கில் அது ஏறாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

அவர் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியல் வேலை பார்த்தார். அந்த வாடைக்குக் காரணம் ஐசோசயனைடு என்று ஒரு பொருள். அழுகிய முட்டை, தீய்ந்த ரப்பர், சுவருக்குள் செத்த எலி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதுவும் சரியில்லை. அதை ஒரு தடவை முகர்ந்தவர்கள் செத்த எலியைப் பற்றிப் பிறகு மரியாதையாகத்தான் பேசுவார்கள். துளி சிந்தினால் போதும், சட்டை, தலைமுடி, மீசை, கைக்கடிகாரத்தின் தோல்வார் எல்லாவற்றிலும் புகுந்துகொண்டு, காலி செய்யாத வாடகைக்காரன் மாதிரி உட்கார்ந்துவிடும்.

இந்தக் கதை அந்த வாடையைப் பற்றியது. அதாவது, செத்துக்கொண்டிருந்த மனைவியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்ட ஒரு மனிதரைப் பற்றியது. அதைவிடப் பெரிய ஆசை எதுவும் அப்போது அவரிடம் இல்லை. அதற்கு முன்னால் வேறு பெரிய ஆசைகள் நிறைய இருந்தன. அதுதான் வம்பே.

அப்படி என்ன வேலை என்று கேட்டால் மணி கோக்கிற வேலை என்று சொல்லலாம். நம் உடம்பில் இருக்கும் புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்கிற மணிகளைக் கோத்த சரங்கள். குட்டையான சரத்துக்கு பெப்டைடு என்று பெயர். மருந்துக்கு நல்ல சரக்கு. ஆனால் உள்ளே போனதும் உடம்பிலிருக்கும் நொதிகள் கத்தரிக்கோல் மாதிரி அதை நறுக்கித் தள்ளிவிடும். மருந்து வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஆள் காலி. அதற்கு ஒரு வழி உண்டு. சாதாரண மணிக்குப் பதிலாக இரண்டு பக்கமும் தோள் புடைத்த தடித்த மணிகளைக் கோத்துவிட்டால் கத்தரிக்கோல் உள்ளே நுழையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கத்தரிக்கோல் நுழையாத இடத்தில் ஊசி மட்டும் எப்படி நுழையும்? இரண்டு குண்டர்களை ஒரு குறுகிய வாசலில் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொன்ன கதைதான். தலைகீழாக நின்றாலும் ஒன்றோடொன்று சேராது.

உலகமெல்லாம் ஒவ்வொரு மணியாகச் சேர்த்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன் என்றார் அத்தர். நாலு பொருளை ஒரே குடுவையில் போடும் முறை ஒன்று முன்பே உண்டு. ஒரு அமீன், ஒரு கீட்டோன், ஒரு அமிலம், நாலாவதாக நம்முடைய நாற்றக்காரன். நாலும் சேர்ந்தால் தடித்த மணி உருவாவதும் அது சரத்தில் கோக்கப்படுவதும் ஒரே நேரத்தில் நடந்து முடியும். முதல் மூன்றும் கூடுவதும் பிரிவதுமாக ஊசலாடிக்கொண்டிருக்கும். ஐசோசயனைடு வந்து நடுவில் ஒட்டிக்கொண்டதும் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துவிடும். அப்புறம் பழையபடி பிரிகிற பேச்சே கிடையாது. “கல்யாண புரோக்கர் கொஞ்சம் நாறினா என்ன, ஜோடி சேர்த்து வெக்கறானா இல்லையா?” என்பார் அத்தர்.

முறை பழையது. ஆனால் தடித்த மணிகள் நாலைந்தை அடுத்தடுத்து வைத்துக் கோக்கும் சரத்தை யாரும் முடித்ததில்லை. அதை முடிப்பதுதான் அவர் வாழ்க்கை. ஒரு குடுவையைக் கலக்கவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பார். கலக்குகிற காந்தம் சுற்றுவதைப் பெற்ற பிள்ளை தவழ்வதைப் போல் பார்ப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக அவர் அழுததைப் பார்த்தவர்கள் கிடையாது. குடுவை உடைந்து அழுததைப் பார்த்தவர்கள் உண்டு.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாலை அவரும் மனைவியும் பஸ்ஸில் போனார்கள். நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள், அவருக்காக வேலை முடிந்து காத்திருந்து ஏறினாள். நல்ல கூட்டம். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அவர்களைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது. பின்னாலிருந்த ஒரு அம்மாள் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு, “கண்டக்டர், வண்டியில எதுவோ செத்துக் கிடக்கு, பாருங்க” என்றாள். கண்டக்டர் குனிந்து சீட்டுகளுக்கு அடியில் தேடிக்கொண்டே வந்து அத்தரின் செருப்புக்குப் பக்கத்தில் நின்றான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

அத்தர் பாதி வழியிலேயே இறங்கிவிட்டார். அவளும் இறங்கினாள். மிச்ச தூரம் நடந்தார்கள்.

“நான் இந்த வேலைய விட்டுடறேன்” என்றார் அவர். “சோப்பு கம்பெனியில கூப்பிடறாங்க. நாளைக்கே எழுதிப் போட்டுடறேன். உன்னை இந்த நாத்தத்துல குடித்தனம் பண்ணச் சொல்ல எனக்கு மனசு வரலை.”

அவள் நடையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அப்புறம், “என்ன நாத்தம்?” என்றாள்.

“விளையாடாதே.”

“நிஜமாதான் கேக்கறேன். எனக்கு வாசனையே தெரியாதுங்க. சின்ன வயசுல ஒரு ஜுரம் வந்துச்சு, அதோட மூக்கு செத்துப்போச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டுல மறைச்சுட்டாங்க. நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு நானும் சொல்லலை.”

கோபமா? அத்தருக்கு அந்த நடுத்தெருவிலேயே குதிக்கலாம் போலிருந்தது. உலகத்தில் இத்தனை கோடிப் பெண்கள் இருக்க, மூக்கு வேலை செய்யாத ஒருத்தியைத் தேடிப்பிடித்துத் தனக்குக் கட்டிவைத்த விதியை நினைத்து வாயெல்லாம் பல்லாக வீடு வந்து சேர்ந்தார். சோப்பு கம்பெனிக்கு எழுதவே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதை அவள் தினமும் மூன்று வேளையும் மறைத்தாள். மறைத்தாள் என்றால், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் பூசணிக்காயைப் பார்க்கத் தயாராக இல்லை என்பதும் ஒரு காரணம். ஆராய்ச்சிக்கூடத்தில் இம்மி அளவு மாற்றம் தெரிந்தாலும் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். வீட்டில் மட்டும் அந்த மூக்கு, கண், மூளை எல்லாவற்றையும் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். “ஏங்க, பால் கெட்டுப்போச்சான்னு கொஞ்சம் மோந்து பாருங்க. எனக்குத்தான் தெரியாதே.” அவர் பெரிய நிபுணரைப் போல முகர்ந்து, “நல்லாத்தான் இருக்கு” என்பார். அவருடைய மூக்குக்கு எல்லாப் பாலும் நல்ல பால்தான். அவள் தலையாட்டிவிட்டுப் போய்ச் சத்தமில்லாமல் கொட்டிவிடுவாள்.

ஒரு நாள் காஸ் குழாய் கசிந்தது. முன்னறையில் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மூடினாள். “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். “உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு” என்றாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த அவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு புலன் போனால் இன்னொன்று கூர்மையாகிவிடும் என்று எங்கோ படித்ததை நினைத்துக்கொண்டு, அவள் காதை மெச்சினார். இப்படிப்பட்டவரை எந்தக் கல்லில் முட்டிக்கொள்ளச் சொல்வது?

எவ்வளவு குளிரிலும் படுக்கையறை ஜன்னல் திறந்தேயிருக்கும். அவள் தலையணை ஜன்னல் பக்கம். அவருடைய சட்டைகளுக்கென்று தனிக் கொடி, பின்பக்கச் சுவரோரமாக. துணி துவைக்கிற இடத்தில் வினிகர் புட்டிகள் வரிசையாக நிற்கும். தரைக்கல்லில் கறை போக என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

அந்த வினிகர் வந்த கதையும் அவரால் வந்ததுதான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தன் வேலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நாற்றம் எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும் அமிலம் பட்டால் அந்தப் பொருள் சிதைந்து நாற்றமில்லாத வேறொன்றாக மாறிவிடும் என்றார். கண்ணாடி கழுவுகிற அம்மாள் முகம் சுளிக்கக் கூடாதே என்று, தான் தொட்ட ஒவ்வொரு குடுவையையும் அமிலத்தில் அலசிய பிறகுதான் தொட்டியில் போடுவதாகப் பெருமையாகச் சொன்னார்.

“எந்த அமிலமா இருந்தாலும் சரியா?” என்று கேட்டாள் அவள். “வினிகர்கூடவா?”

“அதுல கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனா போயிடும்.”

மனைவிக்கு வேதியியலில் ஆர்வம் வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே பூரிப்பு. கண்ணாடி கழுவும் அம்மாளுக்காகக் குடுவையை அலசத் தெரிந்த மனிதருக்கு, வீட்டுக்கு வரும் முன் தன் சட்டையை அலச வேண்டும் என்று தோன்றவில்லை. எதற்கு அலச வேண்டும்? வீட்டில்தான் யாருக்கும் மூக்கு இல்லையே.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது நெடுநாள் குடியிருந்து, அக்கம்பக்கத்துக்கும் பரவியிருந்தது. டாக்டர் நல்ல மனிதர். சுற்றிவளைக்காமல் சொன்னார். மருந்து கொடுத்துப் பார்க்கலாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். மருத்துவமனையில் ஜன்னலோரக் கட்டிலாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள அவளுடைய தங்கை வந்தாள்.

அத்தர் தினமும் மதியம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நேராக அங்கே போனார். அவர் உள்ளே நுழைந்து கட்டிலோரம் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதுவரை அமைதியாகப் படுத்திருந்தவள் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுப்பாள். அவர் முதுகைத் தடவிவிடப் போவார். தடவத் தடவ அதிகமாகும். மருந்தின் வேகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. நாலு தடித்த மணிகளைக் கோத்த சரத்தை, எடையைக் கோடாக வரைந்து காட்டும் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். எந்த இடத்தில் கோடு எழும்ப வேண்டுமோ அந்த இடத்தில் எழும்பி நின்றது. ஆராய்ச்சிக்கூடமே கைதட்டியது. தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்தார். இன்னும் ஒரே ஒரு மணிதான் பாக்கி. அத்தர் மேல்கோட்டைக் கூடக் கழற்றாமல், செய்தியை முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் ஓடினார்.

“சேர்ந்துடுச்சு!” என்றார் வாசலிலிருந்தே. “நாலும் சேர்ந்துடுச்சு!”

அவள் முகம் மலர்ந்தது. அது நடிப்பில்லை. கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக் குனிந்தார். அவ்வளவுதான். அன்றைக்கு வந்த வாந்தியில் ரத்தமும் வந்தது. நர்ஸ் ஓடிவந்து, அவரைத் தள்ளி நிறுத்திவிட்டுத் திரையை இழுத்தாள்.

“சார், இது என்ன வாடை? எதைப் போட்டுக்கிட்டு வந்தீங்க? இவங்களுக்குச் சாப்பாட்டு வாசனையே ஆகாதுன்னு தட்டைக்கூட வெளியில வெச்சிருக்கோம்!”

“இல்லைம்மா, அவளுக்கு வாசனை தெரியாது. சின்ன வயசுலயே—”

“தெரியாதா? நேத்து நான் பூசின கைக்களிம்பு வாசனையைக் கட்டில்ல இருந்தபடியே சொன்னவங்க அவங்க. முதல்ல வெளிய போங்க.”

நடைபாதையில் அவளுடைய தங்கை நின்றுகொண்டிருந்தாள். அழுது கண் சிவந்திருந்தது. அவர் அவளிடமும் அதையே சொன்னார். நர்ஸுக்கு ஏதோ குழப்பம், உன் அக்காவுக்குத்தான் மூக்கு வேலை செய்யாதே, உனக்குத் தெரியாதா என்றார்.

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அத்தான், நான் அவகூடப் பொறந்து ஒரே பாய்ல படுத்து வளர்ந்தவ. அடுத்த தெருவுல என்ன சமைக்கிறாங்கன்னு எங்க வீட்டுல இருந்தே சொல்லுவா. ஜுரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. உங்களுக்காகச் சொன்னது அது. நீங்க வேலைய விட்டுடுவீங்கன்னு. என்கிட்ட சத்தியம் வாங்கி வெச்சிருந்தா.” அவள் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். “இத்தனை வருஷம் நல்லா இருந்த உடம்பு, தாங்கிக்கிட்டா. இப்ப உடம்பு அவ பேச்சைக் கேக்க மாட்டேங்குது. உங்களை வர வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு கேட்டேன். சொன்னா கொன்னுடுவேன்னா.”

அத்தர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பஸ், பால், காஸ், ஜன்னல், தனிக் கொடி, வினிகர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சிறுபிள்ளை கூடக் கூட்டிப் பார்த்திருக்கும். அங்கேயே தரையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதார். பார்த்தவர்கள் சற்றுத் தள்ளியே நடந்தார்கள்.

மறுநாள் தலைவரின் அறைக்குப் போனார்.

“என் மேசைய வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

“அத்தர் சார், ஒரே ஒரு மணி பாக்கி! இப்ப விட்டா உங்க வேலைக்கு இன்னொருத்தன் பேரு வாங்கிட்டுப் போவான்.”

“வாங்கட்டும்.”

“வேணும்னா கொஞ்ச நாள் லீவு எடுத்துட்டு வாங்க.”

“அவ பக்கத்துல உக்காரணும் சார்” என்றார் அத்தர். “வேற ஒண்ணும் வேணாம். அவ பக்கத்துல உக்காரணும்.”

அப்புறம் அவர் கழுவ ஆரம்பித்தார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர். மேல்கோட்டை அமிலத் தொட்டியில் தன் கையாலேயே முக்கி, அது நூல்நூலாக நைந்துபோகும்வரை ஊறவைத்தார். கைக்கடிகாரத்தின் வாரை அறுத்து எறிந்தார். செருப்பை எறிந்தார். வீட்டில் இருந்த சட்டை, கால்சட்டை, துண்டு, தலையணை உறை ஒன்று விடாமல் அவளுடைய வினிகரிலேயே நனைத்து வெயிலில் போட்டார். நாற்காலி மெத்தையைக் கிழித்துப் பஞ்சை வெளியே கொட்டினார். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டார். வெட்டியவரிடம் மீசையையும் எடுக்கச் சொன்னார். அவர் மீசையில்லாமல் இருந்ததை அவளே பார்த்ததில்லை. தன் மூக்கை நம்ப முடியாது என்பதால், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். “மோந்து பார்த்துச் சொல்லுங்க.” பக்கத்து வீட்டுக்காரர் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனாலும் முகர்ந்து பார்த்து, “ஒண்ணும் இல்லை சார். ஊறுகாய் மாதிரி லேசா இருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

அத்தர் புதுச் சட்டையோடு மருத்துவமனைக்குப் போனார். அவளுக்கு அன்று தெளிவு இருந்தது. வாசலில் தயங்கி நின்ற மொட்டைத்தலையைப் பார்த்து, “யாரு இது, எந்த வீட்டுப் புருஷன் வழி தவறி வந்திருக்கார்?” என்றாள்.

அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம், இன்னொரு நிமிடம், பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அப்படி முகத்தை அவர் பக்கம் திருப்பி, நிதானமாக மூச்சுவிட்டு அவள் சாய்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“சொல்லியிருக்கலாம் இல்லையா?” என்றார்.

“சொல்லியிருந்தா?”

“வேலைய விட்டிருப்பேன்.”

“அதுக்குத்தான் சொல்லலை. சோப்பு கம்பெனிக்குப் போயிருப்பீங்க. தினமும் சாயங்காலம் சோப்பு வாசனையோட ஒரு அழுமூஞ்சி வந்து வாசல்ல நிக்கும். அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீங்க நாறிக்கிட்டு வந்தாலும் சிரிச்சுக்கிட்டு வருவீங்க. அது சேர்ந்துச்சு, இது சேர்ந்துச்சுன்னு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.”

“கொஞ்சமா நாத்தம்? எப்படித் தாங்கின?”

“மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம்...” அவள் சிரித்தாள். “யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்க. எனக்கு யானை வரும் பின்னே, நாத்தம் வரும் முன்னே. தெருமுனை திரும்பினாலே தெரிஞ்சுடும். அப்பாடா, ஆளு வந்துட்டார்னு அடுப்பைப் பத்த வெப்பேன். நீங்க வர லேட்டானா, கொடியில இருக்கற சட்டைகிட்ட போய் நின்னுக்குவேன். சிரிக்காதீங்க.”

அவர் சிரிக்கவில்லை.

“அந்தக் கடைசி மணி சேர்ந்துச்சா?” என்று கேட்டாள்.

“சேர்ந்துடுச்சு” என்று பொய் சொன்னார். அந்த வீட்டில் பொய் சொல்லும் முறை இப்போது அவருக்கு வந்திருந்தது.

அந்த மாதிரி சில நாட்கள் கிடைத்தன. காலையில் போனால் மாலைவரை இருப்பார். அவள் தலையைக் கோதிவிடுவார். ஸ்பூனால் தண்ணீர் கொடுப்பார். நூலகத்துப் புத்தகங்களிலிருந்து படித்துக் காட்டுவார். பாதியில் அவள் தூங்கிப்போனாலும் நிறுத்தமாட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் உட்கார்ந்திராத அளவு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் தடித்த மணிகளின் நடுவே இடைவெளியைக் குறைக்கப் பாடுபட்டவருக்கு, தன் கட்டிலில் ஜன்னல்வரை நீண்டிருந்த இடைவெளி கடைசிவரை கண்ணில் படவில்லையே என்று ஒரு நாள் தங்கையிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

பிறகு வலி கூடியது. மருந்தைக் கூட்டினார்கள். அவள் கண் திறப்பது குறைந்துகொண்டே வந்தது. திறந்தாலும் பார்வை எங்கோ நிற்கும். காதில் விழுவது பாதி, விழாதது பாதி. கனவிலும் நனவிலும் மாறிமாறிப் போய்வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் மாலை. ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின் மேல் விழுந்திருந்தது. அத்தர் வழக்கம்போல அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் தங்கை. மனைவி கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தாள். இருவரும் குனிந்தார்கள்.

“மணி என்ன?” என்றாள்.

“சாயங்காலம் ஆயிடுச்சுக்கா” என்றாள் தங்கை.

“அவர் இன்னும் வரலையா?”

தங்கை திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். “அக்கா, இங்கதான் இருக்கார். உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது யாருன்னு பாரு.”

“நான்தான்” என்றார் அத்தர், அவள் காதோரம். “நான்தாம்மா. வந்துட்டேன்.”

அவள் மூக்கு விரிந்தது. ஒரு முறை மூச்சை இழுத்தாள். மெதுவாக இன்னொரு முறை இழுத்தாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அயலாரிடம் பேசுகிற மரியாதையோடு, “இல்லீங்க. அவர் வந்தா எனக்குத் தெரியும்” என்றாள்.

அத்தர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். சட்டைக் கையை முகர்ந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அங்கே எதுவும் இருந்திருக்காது. ஒரு நூல்கூட மிச்சம் வைக்காமல் கழுவியவர் அவர்.

“உங்க பழைய கோட்டு...” என்றாள் தங்கை மெல்ல. “நான் வேணும்னா போய் எடுத்துட்டு...”

“இல்லைம்மா. நானே நனைச்சு அழிச்சுட்டேன்.”

ஆராய்ச்சிக்கூடத்தில் புட்டி இருந்தது. பஸ் பிடித்துப் போய் வரலாம். துளி போதும். ஆனால் எழுந்தால் கையை விட வேண்டும். அது அவருடைய கையென்று தெரியாமலே அவள் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“தூக்கம் வருது” என்றாள் அவள். “பரவாயில்லை, வேலை இருந்திருக்கும். எதையோ சேர்த்துக்கிட்டிருப்பார். அவர் வந்ததும் என்னை எழுப்பு.”

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவள் பதிலுக்காகக் காத்திருப்பது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது.

“சரி” என்றார் அத்தர். “அவர் வந்ததும் எழுப்பறேன்.”

அவள் நிம்மதியாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.